மருதாணியில் காய்த்த மிளகாய்

பாத்து அண்ணாச்சி, பாத்து. காலை அங்கன வச்சிராதீங்க. அது பதினேழாம் நம்பர் தொட்டி, நாளைக்கோ மறுநாளோ பூக்கப் போகுது. இப்பிடி ஓரமா வாங்க. கூடையைக் கீழ வைங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம், மொட்டை மாடிதானே. உக்காருங்க. அந்த நாற்காலியில மூணு கால்தான் தரையில ஒழுங்கா நிக்கும், ஆனா உங்களை மாதிரி கனமான ஆளு உக்காந்தா அசையாது.

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் தெரியும். காலையிலயே கோமதி சுவரைப் பாத்துச் சொல்லிட்டா, இன்னைக்கு நல்ல விசயமா பெரியவங்க வாராங்க, வெளுத்த வேட்டியா கட்டுங்க, வாயைக் கொஞ்சம் அடக்கி வைங்கன்னு. கோமதி என் சம்சாரம். கீழ உங்க வீட்டம்மாவுக்குக் காப்பி குடுத்துட்டு இருக்காளே, அவதான். ஆபீஸ் வேலைக்கு வந்தவரு சம்சாரத்தை எதுக்குக் கூட்டிட்டு வந்திருக்காருன்னு எனக்கு முதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பொறவு யோசிச்சேன். நானும் சர்வேயரா முப்பத்துநாலு வருசம் சங்கிலியைப் பிடிச்சவன். கோயில் இருக்குற ஊருல வேலைன்னா நானும் கோமதியைக் கூட்டிட்டுத்தான் போவேன். சங்கரன்கோயில் வரைக்கும் வந்துட்டு கோமதியம்மனைப் பாக்காம போவாங்களா, அதான் அவங்க கையில தட்டு.

கலெக்டர் ஆபீசுக்கு மூணு மனு போட்டேன் அண்ணாச்சி. மூணு. முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. ரெண்டாவதுக்கு, உங்கள் மனு பரிசீலனையில் உள்ளதுன்னு ஒரு கார்டு வந்துச்சு. மூணாவதுக்கு ஆளே வந்திருக்கு. அந்த மட்டுக்கும் சந்தோசம். நீங்க எழுதிக்கிட வேண்டாம், எல்லாத்தையும் நானே எழுதி வச்சிருக்கேன்.

விசயம் என்னன்னா, திருட்டு. மிளகாய்த் திருட்டு. நாப்பத்தியொரு தொட்டி, ஒண்ணு களவு போயி இப்போ நாப்பது, எண்ணிப் பாருங்க. மூணு வருசமா இருக்கு. இதுல இருந்து ஒரு மிளகாய், ஒரே ஒரு மிளகாய், என் வீட்டு அடுப்புக்குப் போனது கெடையாது. மாடியில செடி காடா நிக்கி, கோமதி பையைத் தூக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போயி பச்சை மிளகாய் வாங்கிட்டு வாரா. பாக்குறவன் சிரிப்பானா மாட்டானா?

முதல்ல உங்களுக்குப் பூவைப் பத்திச் சொல்லிருதேன். பூ தெரியாத மனுசன்கிட்ட மிளகாயைப் பத்திப் பேசிப் பிரயோசனம் இல்லை.

நான் ரிட்டையர் ஆன மறு வாரம் சந்தையில ஒருத்தன் காந்தாரி மிளகாய்னு சொல்லி ஒரு கன்னு தந்தான். கொண்டாந்து வச்சேன். பூத்துச்சு. பாத்தா, கணுவுக்கு ஒரே ஒரு பூ, பால் மாதிரி வெள்ளை, நடுவுல மகரந்தப் பை கத்தரிக்காய் நிறம். காந்தாரிப் பூ அப்பிடியா இருக்கும்? அது வெள்ளையில லேசா பச்சை ஓடும், கணுவுக்கு ரெண்டு மூணு வரும். இவன் தந்தது சாதாச் சம்பா மிளகாய். போயி கேட்டேன். காய்ச்சா தெரிஞ்சிட்டுப் போகுது சார்ங்கான். காயை வச்சு என்னத்தய்யா தெரியும்? சம்பா நீளமா இருக்கும், முண்டு உருண்டையா இருக்கும், குடமிளகாய் உங்க கை முட்டி பெரிசு இருக்கும். பூவைப் பாத்தா மூணும் ஒரே இனம். காய் ஆளை ஏமாத்தும். பூ ஏமாத்தாது.

நிலத் தகராறுல பாத்திருப்பீங்க. வடக்கு வீட்டுக்காரன் பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவான், தெற்கு வீட்டுக்காரன் கோயில்ல சூடம் அணைப்பான். நான் ஒண்ணும் பேச மாட்டேன். மண்வெட்டியை வாங்கித் தோண்டுவேன். கல்லு எங்கன இருக்கோ அதுதான் எல்லை. மிளகாய்க்குப் பூதான் கல்லு. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே பூவைப் பாக்காம ஒரு செடியையும் நம்புறதில்லைன்னு.

பொறவு அங்க இங்க எழுதிப் போட்டு விதையா வாங்கினேன், நெசக் காந்தாரியும் சேத்து. வடகிழக்குல இருந்து ஒண்ணு, பேய்க் காரம். அதுல கணுவுக்கு நாலஞ்சு பூ, எல்லாம் தலையைத் தொங்கப் போட்டு நிக்கும், காம்பு சேருற இடத்துல கழுத்தை நெரிச்ச மாதிரி ஒரு வளையம். இன்னொண்ணு வெளிநாட்டு விதை, வெள்ளை இதழ்ல மஞ்சப் பொட்டு வச்சிருக்கும். ஊதாவாப் பூக்குற இனமும் ஒண்ணு இருக்கு. இலையில ரோமம், விதை கருப்பு. குளிருலதான் வருமாம். அதுக்கு ஒரு தொட்டி ஒதுக்கி மூணு வருசமா ஐஸ்கட்டி வச்சுட்டு வாரேன். பேசிக்கிட்டே போறேன், இருங்க, ஆதாரத்தைக் காட்டுதேன்.

இந்தா. பீல்டு புக்கு. ஆபீஸ்ல மிச்சப்பட்டது, பழைய நோட்டு. பிரிச்சுப் பாருங்க. பக்கத்துக்கு ஆறு பூ, டேப்பு போட்டு ஒட்டியிருக்கேன். கீழ தொட்டி நம்பர், தேதி, நேரம், இதழ் எத்தனை, என்ன நிறம், பறித்தவர் கையெழுத்து. எல்லாம் நான்தான். இதுவரைக்கும் ஆயிரத்து நூத்தி நாப்பது பூ. ஒண்ணு விடலை.

தினம் காலையில ஏழு மணிக்கு கத்தரிக்கோலோட ஏறிருவேன். அன்னைக்கு எது மலர்ந்திருக்கோ காம்போட வெட்டி, மேசையில வச்சு, லென்சுல பாத்து, ஒட்டி, கையெழுத்து போட்டுட்டுத்தான் பலகாரம். செடியிலயே வச்சுப் பாக்கக் கூடாதான்னு கோமதி கேப்பா. குனிஞ்சா எனக்கு இடுப்பு பிடிச்சிரும். அதோட பூ காத்துல ஆடும். ஆடுறதை எப்பிடி அளக்க? சரி, ஒரு செடிக்கு ஒரு பூ பாத்தா போதாதாம்பா. எப்பிடிப் போதும்? ஒரு நிலத்துக்கு நாலு மூலை இருந்தா நாலுலயும் கல்லைப் பாக்கணும். ஒரு மூலையைப் பாத்துட்டு மத்தது சரியாத்தான் இருக்கும்னு நான் எழுதிக் குடுத்திருந்தா என்னைய வீட்டுக்கு அனுப்பிருப்பான். செடி மட்டும் என்ன யோக்கியமா? ஒரு பூவை ஒழுங்காக் காட்டிட்டு மத்ததுல வேற எதையும் ஒளிச்சு வைக்காதுன்னு என்ன நிச்சயம்?

காய்க்கு வாரேன். அவசரப்படாதீங்க.

மூணு வருசத்துக்கு முந்தி எம் மக சுபாவுக்கு மஞ்சக் காமாலை வந்துச்சு. ஒரே புள்ளை. இருபது நாள் ஆஸ்பத்திரி. அந்த நேரத்துல கோமதி எங்க குலதெய்வம் பேச்சியம்மனுக்கு நேந்துக்கிட்டா, புள்ளை எந்திரிச்சு நடந்தா எங்க வீட்டுச் செடியில காய்ச்ச மிளகாய் நூத்தியெட்டைக் கோத்து மாலையா போடுதேன், அதை முடிக்காம வீட்டுல எந்த நல்ல காரியமும் பண்ண மாட்டேன்னு. பதட்டத்துல வாயில வந்தது அதுதான். எனக்குப் பெருமைதான். நாப்பத்தியொரு தொட்டி இருக்கும்போது நூத்தியெட்டு என்ன பெரிசு, ஒரே மாசத்துல முடிச்சிருவோம்னேன். புள்ளை நல்லா ஆயிட்டு. மாலைதான் இன்னும் ஆகலை. சுபாவுக்கு இருபத்தெட்டு நடக்கு. வந்த வரன் எல்லாம் நேத்திக்கடன் முடியட்டும் நேத்திக்கடன் முடியட்டும்னு நின்னு நின்னு போயிட்டு. ஒரு மிளகாய்க் கள்ளனால எம் மக கல்யாணம் நிக்கி அண்ணாச்சி. அதுக்குத்தான் மனுவுல அவசரம்னு சிவப்பு மையில எழுதினேன்.

முதல்ல கிளின்னு நினைச்சேன். வலை போட்டேன். காய் இல்லை. அணில்னு நினைச்சேன். கம்பி சுத்தினேன். காய் இல்லை. சின்னப் பிஞ்சு கூடக் கெடையாது, அவ்வளவு சாமர்த்தியமான திருடன். அப்பொறம்தான் எனக்கு மாடி போர்ஷன் ஞாபகம் வந்துச்சு.

மாடி போர்ஷன்ல தவசின்னு ஒரு பய குடியிருந்தான். மின்சார வாரியத்துல வீடு வீடாப் போயி ரீடிங் எடுக்குறவன். ஊரு புளியங்குடி. பாக்க நல்ல பயதான், வாடகையில குறை சொல்ல முடியாது. ஆனா வந்த ரெண்டாம் மாசமே என்னைய மாமாங்கான். வாடகைக்கு இருக்குறவன் சார்னுல்லா கூப்பிடணும்? கோமதியை அத்தைங்கான். மரியாதை தெரியாத பய. டேங்க்ல தண்ணி இருக்கான்னு பாக்க தினம் மொட்டை மாடிக்கு வருவான். எப்போ வருவான் தெரியுமா? சுபா காஞ்ச துணியை எடுக்க வருமே, சரியா அதே நேரம். நான் சர்வேயர், எனக்குக் கண்ணு தப்பாது. நாலு நாள் நோட்டுல குறிச்சேன். ஒவ்வொரு நாளும் இருபத்தஞ்சு நிமிசம். ஒரு டேங்கைப் பாக்க இருபத்தஞ்சு நிமிசமா? மிளகாயைத்தான் நோட்டம் போடுதான்னு புரிஞ்சு போச்சு. பாவம், சுபா வெகுளி. அவன் பேசிக்கிட்டே இருந்தா இது சிரிச்சுக்கிட்டே நிக்கும், கள்ளன்னு தெரியாம.

போன சித்திரையில ஒரு செவ்வாக்கிழமை. காலையில கத்தரிக்கோலோட ஏறினேன். ஏறினவன் படியிலயே நின்னுட்டேன். எல்லாத் தொட்டியிலயும் காய். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு, மூணு. நீள நீளமா, பச்சைப் பசேல்னு. காந்தாரிச் செடியிலயும் சம்பா, பேய்க் காரத்துலயும் சம்பா. காந்தாரிக் காய் வானத்தைப் பாத்துல்லா நிக்கணும்? இது கீழ தொங்குது. பூ ஒரு இனம், காய் ஒரு இனம். திரும்பிப் பாக்கேன், அந்த மூலையில நிக்கே மருதாணி, அதுலயும் ரெண்டு மிளகாய் தொங்குது.

சிரிக்காதீங்க. நீங்களா இருந்தா என்ன நினைச்சிருப்பீங்க? என் தொட்டி மகரந்தம் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து, காத்துல பறந்து, மருதாணியில போயி ஒட்டியிருக்கு. மருதாணியில மிளகாய். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு அண்ணாச்சி. குளிக்காமக் கொள்ளாம விவசாய ஆபீசுக்கு ஓடினேன். ஒரு அதிகாரியம்மாவைக் கையோட கூட்டிட்டு வந்தேன். பேப்பர்க்காரன் ஒருத்தன் கேமராவோட வந்தான். தெருவே மாடிக்கு வந்துட்டு. அந்தம்மா மருதாணிகிட்டப் போயி, மிளகாயை லேசா ஒரு இழு இழுத்தாங்க. கையோட வந்துட்டு. கூடவே நூலும் வந்துச்சு.

கருப்பு நூல். ஒவ்வொரு காம்புலயும் கட்டியிருக்கு. அதுவும் மூணு மூணு முடிச்சு. ஒரு மிளகாய் தொங்குறதுக்கு எதுக்குய்யா மூணு முடிச்சு? நூத்தியெட்டு மிளகாய், அத்தனைக்கும் மூணு முடிச்சு. அந்தம்மா நல்லவங்க, சிரிக்காம கீழ இறங்கிட்டாங்க, தெருவுக்குப் போன பொறவுதான் சத்தம் கேட்டுச்சு. பேப்பர்க்காரன் போட்டோவை அழிச்சிட்டேன்னு சத்தியம் பண்ணினான். அவன் சத்தியத்தை யாரு நம்ப?

நான் விடலை. நூலை லென்சுல பாத்தேன். எங்க வீட்டு நூலு. சுபாவோட தையல் பெட்டியில கருப்பு நூல் உருளை பாதி காலி. அதாவது மிளகாய்க் கள்ளன் எம் மக தையல் பெட்டியிலயும் கை வச்சிருக்கான். சுபாகிட்ட சொன்னேன். அந்தப் புள்ளை ரெண்டு நாள் அழுதுச்சு. ஒரு நூல் உருளைக்கு அவ்வளவு அழுகை. எம் மக அவ்வளவு சிக்கனம்.

தவசியைக் கூப்பிட்டுக் கேட்டேன். பய மறைக்கலை. ஆமா மாமா, நான்தான் மார்க்கெட்டுல வாங்கிக் கட்டினேன், செடியில மிளகாய் இருந்தா நேத்தி முடிஞ்சிரும்லான்னு பாத்தேன், வெளிச்சம் பத்தாம மருதாணியிலயும் கட்டிட்டேன்னான். என் வீட்டு நேத்தியில இவனுக்கு என்ன அக்கறை? ஒரு வாரத்துல காலி பண்ணச் சொல்லிட்டேன். போகும்போதும் சும்மா போகலை, இருபத்திமூணாம் நம்பர் தொட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டான். அது பூக்காத சோம்பேறிச் செடி, தூரப் போடணும்னு படியில வச்சிருந்தேன். இருந்தாலும் என் தொட்டி. வீட்டுக்குள்ள இருந்து யாரோ எடுத்துக் குடுத்திருக்காங்க, யாருன்னு இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியலை.

அன்னையில இருந்து வீடு வீடா இல்லை. கோமதி சோத்தை வைக்கா, குழம்பை ஊத்துதா, போறா. சுபா ஆபீசுக்கு ஒரு மணி நேரம் முந்தியே கிளம்பிருது. மூணு பேரு இருக்க வீட்டுல பேசுறது நான் ஒருத்தன்தான். அதனாலதான் உங்களைக் கண்ட உடனே இவ்வளவு பேசுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. கஷ்டமா இருக்கு அண்ணாச்சி.

என்ன, கூடையைத் திறக்கீங்க? கருவி எதுவும் கொண்டாந்திருக்கீங்களா?

அட. இது என் தொட்டில்லா. இருபத்திமூணு. என் கையெழுத்து. கைப்பற்றிட்டீங்களா? சபாஷ். இப்பிடி ஒரு ஆபீசரை நான் பாத்ததே இல்லை. அடேயப்பா, என்ன காய். எல்லாம் மேல பாத்து நிக்கி, ஊசி ஊசியா. அந்தத் துண்டுக்குள்ள என்ன? மாலையா?

நூத்தியெட்டா. எண்ணினீங்களா. ரெண்டு தடவை எண்ணினீங்களா. எந்த வீட்டுல காய்ச்சது இது?

உங்க வீட்டுலயா. புளியங்குடியில.

தவசிக்கு நீங்க தாய்மாமனா.

அப்போ நீங்க மனுவுக்கு வரலை. கீழ உங்க வீட்டம்மா கொண்டாந்த தட்டு, கோமதியம்மனுக்கு அர்ச்சனைத் தட்டுன்னுல்லா நினைச்சேன். சுபாவைப் பொண்ணு கேட்டுக் கொண்டாந்ததா? அதுக்குத் தெரியுமா நீங்க வாரது? ஓகோ. கோமதிக்கு? அது சரி. பேச்சியம்மன் கோயில் பூசாரிகிட்டயே கேட்டாச்சா, தொட்டி நம்ம தொட்டி, விதை நம்ம விதை, எங்க காய்ச்சாலும் நம்ம வீட்டு மிளகாய்தான்னு. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நானே சர்வேயர், எனக்குத்தான் தெரியலை.

இருங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லிட்டுப் பேசுங்க. இது என்ன பூ பூத்துச்சு? நிறம் என்ன? கணுவுக்கு எத்தனை? பாக்கலையா. எட்டு மாசம் வீட்டுல வச்சிருந்திருக்கீங்க, ஒரு பூவைக் கூடப் பாக்கலையா? பூத்துச்சு, உதுந்துச்சு, காய்ச்சுது, பறிச்சோம். அவ்வளவுதானா? பூவைப் பாக்காத மிளகாயை நான் எப்பிடி அண்ணாச்சி என் மிளகாய்னு ஒத்துக்கிடுறது?

யாரது படியில? கோமதியா. வா. என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு.

“பூவைப் பறிக்காத வீட்டுல காய்ச்சிருக்கு. அவ்வளவுதான்.”

எட்டு மாசத்துக்குப் பொறவு எங்கிட்ட முழுசாப் பேசியிருக்கா அண்ணாச்சி, பாத்தீங்களா. இதையேதான் மூணு வருசமா சொல்லுதா. நான்தான் காதுல வாங்கலை. பூவைப் பறிக்காத வீட்டுல.

அந்த பீல்டு புக்கை இப்பிடிக் குடுங்க.

முதல் பக்கம். ஆறு பூ. தேதி, நேரம், பறித்தவர் கையெழுத்து. ரெண்டாம் பக்கம், ஆறு. என் கையெழுத்துதான். இதுவும் என்னதுதான். ஆயிரத்து நூத்தி நாப்பது. பாதி உதுந்து போச்சுன்னு வச்சாலும் அஞ்சு மாலை அண்ணாச்சி. அஞ்சு மாலையை டேப்பு போட்டு ஒட்டி வச்சிருக்கேன். களவெடுத்த ஒவ்வொண்ணுக்கும் தேதி போட்டு, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டு வச்ச கள்ளனை என் சர்வீசுலயே நான் கண்டதில்லை. கிளியைத் திட்டினேன். அணிலைத் திட்டினேன். ஒண்ணும் தெரியாத பயலை வீட்டை விட்டு அனுப்பினேன். எம் மக மூணு வருசமா ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு வெக்கமா இருக்கு. மனுவை வாபஸ் வாங்கிருதேன், மூணையும்.

ஏளா சுபா, நீயும் வந்துட்டியா. அழாத. அப்பன் ஒண்ணும் சொல்லலை, இங்க வா.

ஆனா அண்ணாச்சி, இந்த இருபத்திமூணாம் நம்பர் செடியில ஒரு பூ இன்னைக்கு மலர்ந்திருக்கு. இந்தா, கொப்புல, இலைக்கு அடியில. இதை நான் பாக்கணும். பாக்காம என்னால முடியாது, என்னைய விட்டா நான் இப்பிடித்தான். பாருங்க, நான் சொல்லாமலே கை கத்தரிக்கோலுக்குப் போகுது. இந்தக் கையை நம்புறதுக்கில்லை. சுபா, கீழ போயி உன் தையல் பெட்டியில இருந்து அந்தக் கருப்பு நூலை எடுத்துட்டு வா. மிச்சம் இருக்கும்லா? ஓடு.

வந்துட்டியா. என் ரெண்டு கையையும் பின்னால சேத்துக் கட்டு. இறுக்கிக் கட்டு, பரவாயில்லை. ரெண்டு முடிச்சு போதும். மூணு முடிச்சு தவசி போடட்டும், அவனுக்குத்தான் நல்லாப் பழக்கம் இருக்கே. அண்ணாச்சி, என் தோளைப் பிடிச்சுக்கோங்க, குனியணும். மெதுவா. இடுப்பு. கோமதி, அந்த லென்சைக் கண்ணுகிட்டப் பிடி. இன்னும் கொஞ்சம் கீழ. ஆங்.

வெள்ளையில பச்சை ஓடுது. பக்கத்துலயே இன்னொரு மொட்டு, அப்போ கணுவுக்கு ரெண்டு. காத்துல ஆடத்தான் செய்யுது, ஆனா தெரியுது. நல்லாவே தெரியுது.

காந்தாரிதான். நம்ம வீட்டு மிளகாய்தான், சந்தேகமே இல்லை. வாங்க, கீழ போயி நல்ல நாளாப் பாப்போம். கையை அதுக்குப் பொறவு அவுத்தா போதும்.